எங்க டீச்சர் இன்னும் வரல

சென்னை-11
9-6-1997

அன்பு வடிவுக்கு,

ரீபா எழுதுகிறேன். எல்லோரும் சுகம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். உனக்கு எழுதும் கடிதத்தைப் பொய்யில் தொடங்க மனசு வரவில்லை. என் மாமியாருக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் மார்ச் மாதம் வாதம் வந்தது உனக்குத் தெரியும். வலது கையும் காலும் இன்னும் எழும்பவில்லை. வாய் கோணிப்போனதால் அவர்கள் சொல்வது எனக்கு மட்டும்தான் புரிகிறது. பெற்ற மகனுக்கே புரியவில்லை, நான்தான் நடுவில் நின்று மொழிபெயர்க்கிறேன்.

நான் லீவு போட்டு, ஆழ்வார்குறிச்சி வீட்டைப் பூட்டிவிட்டு, பிள்ளைகளோடு இங்கே வந்ததற்குக் காரணமே என் வீட்டுக்காரர் ஹெப்ரானுடைய கம்பெனிதான். மூன்று நாளுக்கு மேல் லீவு கேட்டால், "நாலாம் நாள் வரவே வேண்டாம்" என்பார்களாம். "உனக்குத்தானே கவர்மெண்ட் வேலை, லீவு கிடைக்கும்" என்றார். கிடைத்தது, தீர்ந்தும்விட்டது. இப்போது பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. சம்பளமில்லாத லீவில் போனால் இங்கே உலை கொதிக்காது. அவர் சம்பளம் என் சம்பளத்தில் பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். இது எங்கள் சர்ச் சபையில் ஒருவருக்கும் தெரியாது. உனக்குச் சொல்கிறேன், படித்ததும் மறந்துவிடு.

ஏட்டி, இனி எழுதுவதைக் கோபப்படாமல் படி. மேலக்காணிப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர் குற்றாலலிங்கம் சாரிடம் ஹெப்ரான் போனில் பேசினார். இருப்பது இரண்டே ஆசிரியர்கள். நாலும் அஞ்சும் அவருக்கு, ஒன்று முதல் மூன்று வரை எனக்கு. நான் இல்லாமல் அந்த மூன்று வகுப்பையும் வேப்பமரம்தான் பார்த்துக்கொள்கிறதாம். "நம்பிக்கையான ஆள் ஒருத்தர நிப்பாட்டுங்க, நான் கண்டுக்கிடல" என்றிருக்கிறார். மாதக் கடைசியில் நான் ரயிலேறி வந்து கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கிக்கொள்வேன். மற்ற நாளில் என் இடத்தில் நீ நிற்க வேண்டும்.

போன கடிதத்தில் உன் மெட்ரிகுலேஷன் பள்ளியைப் பற்றி எழுதியிருந்தாயே, அறுநூற்றைம்பதுக்குப் பன்னிரண்டு வருஷப் படிப்பையும் அடகு வைத்திருக்கிறேன் என்று. நான் தொள்ளாயிரம் தருகிறேன். இதைச் சம்பளம் என்று நினைக்காதே, ஒருத்திக்கு ஒருத்தி ஒத்தாசை. டிரெயினிங் ஸ்கூலில் எனக்காக எத்தனை பாடத்திட்டம் எழுதிக் கொடுத்தாய்! அதே மாதிரிதான் இதுவும்.

பதிலை உடனே எழுது. இல்லையென்றால் ஹெப்ரான் வேறு ஆள் பார்த்துவிடுவார்.

உன்
ரீபா


சிவசைலநாதர் துணை

ஆழ்வார்குறிச்சி
16-6-1997

அடி கழுதை ரீபா,

ஒரு மாசமாகக் கடிதம் இல்லை, வந்த கடிதத்திலும் "உடனே எழுது, இல்லையென்றால் வேறு ஆள்" என்று மிரட்டல். பாளையங்கோட்டை ஹாஸ்டலில் என் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு என்னையே "எண்ணெய் வழியுது" என்று கேலி செய்தவள்தானே நீ. உன் மாமியாருக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கும்போது கை பொத்துப்போகாமல் பார்த்துக்கொள்.

வருகிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கோபம் வந்தது. உன்மேல் இல்லை. நம் இரண்டு பேருக்கும் ஒரே மார்க்கு, எனக்கு இரண்டு கூடுதல் என்றுகூடச் சொல்லலாம். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஒரே நாளில் பதிந்தோம். புதுப்பிக்க வேண்டிய மாசத்தில் நான் பிரசவத்துக்குக் கிடந்தேன். அண்ணன் தன்னுடையதைப் புதுப்பித்துவிட்டு வந்தான், என் அட்டை அவன் சட்டைப்பையிலேயே இருந்தது. "பொம்பளைக்கு என்னளா அவசரம், பிள்ளையப் பெத்து எந்திரிச்சு வா" என்றான். எழுந்து வருவதற்குள் என் வரிசை போய்விட்டது, நீ டீச்சர் ஆகிவிட்டாய். இதை எத்தனை தடவை சொல்வாய் என்று கேட்பாய். சாகிற வரை சொல்வேன்.

எங்கள் தாளாளர் காந்திமதிநாதனிடம் விலகுகிறேன் என்று சொல்லப் போனேன். போகிற போக்கில் கேட்டுவிடுவோம் என்று, "போன வருஷம் வந்த கணக்கு சாருக்கு ஆயிரத்து நூறு, எனக்கு ஏன் சார் அறுநூற்றைம்பது? அவரும் நானும் ஒரே படிப்பு" என்றேன். கோபப்படவில்லை மனுஷன். சிரித்துக்கொண்டே சொன்னார்: "அவரு ஆம்பளையில்லாம்மா, குடும்பத்தத் தாங்கணும். ஒங்களுக்கு வீட்டுக்காரரு இருக்காரு. நீங்க வாங்குதது கைச்செலவுக்குத்தான?"

கணக்கு சாருக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. அதையும் சொன்னேன். "நாளைக்கு ஆவும்லா?" என்றார்.

என் வீட்டுக்காரருக்கு அரிசி மில்லில் ஆறு மாசம் வேலை, ஆறு மாசம் சீட்டுக்கட்டு. யார் கைச்செலவில் யார் சாப்பிடுகிறார்கள் என்று அந்தத் தாளாளரை ஒரு நாள் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்து காட்ட வேண்டும்.

நேற்று மேலக்காணிக்குப் போய்க் குற்றாலலிங்கம் சாரைப் பார்த்தேன். நல்ல மனுஷர், பயந்த மனுஷர். என் பெயரைச் சொன்னதும் கையை ஆட்டினார். "அந்தப் பேரெல்லாம் இங்கன வேண்டாம்மா. ரிஜிஸ்டர்ல எந்தப் பேரு இருக்கோ அதுதான் கிளாஸ்லயும். ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைய எங்கனயாவது ஒளறிட்டா எனக்குல்லா வேட்டு." நீ லீவில் போன இரண்டு வருஷத்தில் உன்னிடம் படித்தவர்கள் எல்லோரும் நாலுக்கும் அஞ்சுக்கும் போய்விட்டார்களாம். அவர்களைச் சரிக்கட்டுவது அவர் பொறுப்பு.

அதனால் நாளை முதல் நான் ரீபா டீச்சர். உன்னை மாதிரி மூக்கால் பேசப் பழக வேண்டும்.

உன்
வடிவு


சென்னை-11
4-11-1997

அன்பு வடிவுக்கு,

போன மாதமும் உன்னைப் பார்க்காமலே திரும்பிவிட்டேன். சனிக்கிழமை காலை வந்து, சார் வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு, மத்தியானப் பாசஞ்சரில் திருநெல்வேலி போய்விட்டேன். உன் வீடு வரை வந்து உட்கார்ந்தால் நாலு பேர் பார்ப்பார்கள். என்ன டீச்சர், எப்போ வந்தீங்க, எந்த வகுப்பு எடுக்கீங்க என்று கேட்பார்கள். கால் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

பணம் இந்த முறையும் பத்து நாள் தள்ளித்தான் அனுப்ப முடிந்தது. மணியார்டர் பாரத்தை ஹெப்ரானிடம் கொடுத்தேன், சட்டைப்பையிலேயே வைத்துவிட்டார். உன் அண்ணன் ஞாபகம் வந்தது. சொன்னால் சண்டையாகும் என்று சும்மா இருந்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் சம்பளத்தை வாங்குவது நான், எண்ணுவது அவர். ஒவ்வொரு மாதமும் உனக்கு எடுத்து வைக்கும்போது, "தொள்ளாயிரமா? பிரைவேட்ல அறுநூறுக்கு ஆளு நிக்குதே" என்பார். அவர் கம்பெனியில் அப்படித்தான் பேசுவார்கள் போலிருக்கிறது. அங்கே அவரைப் பார்த்தும் யாராவது இதே வார்த்தையைச் சொல்லியிருப்பார்கள். எனக்குப் பாவமாகவும் இருக்கிறது, எரிச்சலாகவும் இருக்கிறது.

பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள்? நீ எழுதவே மாட்டேன் என்கிறாய். முன்னெல்லாம் நாலு பக்கம் எழுதுவாய்.

உன்
ரீபா


சிவசைலநாதர் துணை

ஆழ்வார்குறிச்சி
20-2-1998

அன்புள்ள ரீபாவுக்கு,

பணம் வந்தது. நன்றி. தாமதம் ஆனதில் ஒன்றும் சங்கடம் இல்லை, நீ அதற்காக வருத்தப்படாதே.

பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். மழைக்காலத்தில் கடனாநதியில் தண்ணீர் வந்து பாலம் முங்கியபோது மட்டும் என்னால் போக முடியவில்லை. மூன்றாம் வகுப்பில் மஹாலக்ஷ்மி என்று ஒருத்தி. அம்மா பீடி சுற்றுகிறாள். வீட்டில் பீடி இலை சுற்றி வந்த செய்தித்தாளைக் கொண்டுவந்து எழுத்துக் கூட்டி வாசிக்கிறாள். மற்ற பிள்ளைகளும் அவளைப் பார்த்து வீட்டில் கிடக்கிற காகிதத்தை எல்லாம் கொண்டுவர ஆரம்பித்தார்கள். மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, உர மூட்டை. நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அதையே பாடமாக நடத்துகிறேன். மெட்ரிகுலேஷனில் இப்படிச் செய்தால் தாளாளர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

ஒன்று சொல்ல வேண்டும். தை முடிந்த வாரம், ஒன்றியத்துப் பள்ளிகளை எல்லாம் மேற்பார்க்கிற ஏ.இ.ஓ. சொல்லாமல் வந்து நின்றார். உன்னை நேரில் தெரியாத புது ஆள். குற்றாலலிங்கம் சாருக்கு வேர்த்து வேட்டி நனைந்துவிட்டது. "இவுகதான் ரீபா டீச்சர்" என்று என்னைக் காட்டினார். அந்த நேரத்தில் நான் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

"என்னைக்கும்மா சர்வீஸ்ல சேந்தீங்க?" என்று கேட்டார். நீ சேர்ந்த நாளைச் சொன்னேன். எனக்குத்தான் அந்த நாள் நன்றாகத் தெரியுமே. உன்னை ரயிலடியிலிருந்து பள்ளிக்கூடம் வரை கொண்டு விட்டவள் நான். பிள்ளைகளை வாசிக்கச் சொன்னார். வாசித்தார்கள். அவர் பையிலிருந்த அன்றைய பேப்பரை எடுத்து நீட்டினார், மஹாலக்ஷ்மி அதையும் வாசித்தாள். "இந்த மாதிரி மூணாங்கிளாஸ் நான் பாக்கலம்மா" என்று எனக்குக் கும்பிடு போட்டார்.

பயத்தில் செத்துக்கொண்டிருந்தேன் என்று உனக்கு எழுதலாம். அது உண்மை இல்லை. அரை மணி நேரம் நான் கவர்மெண்ட் டீச்சராக இருந்தேன், எனக்கு அது இனித்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் கூசியது. உன் பெயரைப் போட்டுக்கொண்டு நின்றதற்குக் கூசவில்லை, அது எனக்கு அவ்வளவு பொருத்தமாக இருந்ததற்குக் கூசியது.

மாமியாரைக் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புடன்
வடிவு


சென்னை-11
19-8-1998

அன்பு வடிவுக்கு,

பார்சல் வந்திருக்கும். மாம்பழக் கலர், உனக்கு எடுப்பாக இருக்கும் என்று நினைத்தேன். பிடிக்காவிட்டால் முகத்துக்கு நேரே சொல்லு, எப்போதும் போல.

புதுச் சம்பளக் கமிஷன் பற்றிப் பேப்பரில் பார்த்திருப்பாய். எங்களுக்கும் போட்டுவிட்டார்கள், நிலுவையோடு. ஹெப்ரான் ஐஸ்பெட்டி வாங்கிவிட்டார், அம்மாவின் மருந்தை வைக்க என்று. மருந்து ஒரு மூலையில் இருக்கிறது. உனக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். "கமிஷன் ஒனக்குப் போட்டுதா, அவுகளுக்குப் போட்டுதா?" என்றார். நான் வாதாடினேன். மாதம் ஐம்பது ரூபாய் கூட்டச் சம்மதித்தார். எழுதும்போதே கை கூசுகிறது. சேலை அதற்காகத்தான் என்று நீ கண்டுபிடித்துவிடுவாய், நானே சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு ராத்திரி அவரிடம் கேட்டுவிட்டேன்: "ரெண்டு பேருல சம்பளம் கொறஞ்சவுகதான் வீட்ல இருந்து அம்மாவப் பாக்கணும்னா, யாரு இருக்கணும்?" இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மாமியாருக்கு நாங்கள் பேசாமலிருப்பது தெரிந்து, கோணிய வாயால் என்னவோ கேட்டார்கள். எனக்குப் புரிந்தது. மொழிபெயர்க்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். குற்றாலலிங்கம் சார் போன் செய்தார். அந்த ஏ.இ.ஓ. என் பெயரைப் பாராட்டுப் பட்டியலில் சேர்த்துவிட்டாராம். செப்டம்பர் ஐந்து, ஆசிரியர் தினத்தில், ஒன்றியத்து ஆசிரியர்கள் எல்லோரும் கூடுகிற கல்யாண மண்டபத்தில் பொன்னாடை, சான்றிதழ். கேட்டதும் சிரித்தேன், பிறகுதான் உறைத்தது. நல்ல வேளையாக அந்த ஏ.இ.ஓ.வுக்கு ஜூனிலேயே மாறுதல் வந்துவிட்டது. புதியவருக்கு உன்னையும் தெரியாது, என்னையும் தெரியாது. போகாமலிருந்தால் விசாரிப்பார்கள், விசாரித்தால் எல்லாம் வெளியே வரும். சாருக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம். போய்த்தான் ஆக வேண்டும்.

வடிவு, அன்றைக்கு ஒரு நாள் நீ அந்தப் பக்கம் வராமலிருந்தால் நல்லது. இதை எப்படி எழுதினாலும் இப்படித்தான் இருக்கிறது. நாலு முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

உன்
ரீபா


சிவசைலநாதர் துணை

ஆழ்வார்குறிச்சி
27-8-1998

அன்புள்ள ரீபாவுக்கு,

சேலை அழகாக இருக்கிறது. ஐம்பது ரூபாய்க்கும் நன்றி.

நான் அன்றைக்கு வரவில்லை. நீ கேட்காமலிருந்தாலும் வந்திருக்க மாட்டேன்.

ஆனால் பிள்ளைகள் வருவார்கள். விழாவில் கடவுள் வாழ்த்துப் பாட மேலக்காணிப் பிள்ளைகளைச் சார் ஒத்துக்கொண்டுவிட்டார், உனக்குச் சொல்லியிருக்க மாட்டார். மஹாலக்ஷ்மி இப்போது நாலாம் வகுப்பு, அவளும் வருகிறாள். ஒரு மாதமாகப் பாடிப் பழகுகிறார்கள். சார் என்னைக் கூப்பிட்டு, "மேடையில வார அம்மாவத்தான் ரீபா டீச்சர்னு சொல்லணும்னு பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுத்திருங்க" என்றார். ஒரு நாள் முழுக்க யோசித்துப் பார்த்தேன். எந்தப் பாடத்தையும் எப்படியாவது சொல்லிக் கொடுத்துவிடுவேன் என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. இதை எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

நான் வராவிட்டால் பாட மாட்டோம் என்கிறார்கள். "நீங்க சாரோட முன்னால போங்க, நான் அடுத்த பஸ்ஸுல வாறேன்" என்று சொல்லப் போகிறேன். வேறு வழி தெரியவில்லை.

அன்புடன்
வடிவு


சென்னை-11
8-9-1998

என் வடிவுக்கு,

இன்று காலை நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினேன். குளிக்கவில்லை, உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பிள்ளைகள் நன்றாகப் பாடினார்கள். பாடிவிட்டு முன்வரிசையில் தரையில் உட்கார்ந்தார்கள். மூன்று பேர் பெயரை வாசித்த பிறகு, "மேலக்காணிப் பள்ளி, திருமதி ரீபா" என்றார்கள். பிள்ளைகள் அப்படிக் கை தட்டினார்கள். எல்லோரும் மண்டபத்து வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு தட்டினார்கள். நான் மறுபக்கத்துப் படியில் ஏறி மேடைக்கு வந்தேன். கை தட்டுவது பைய நின்றது. பெரியவர்கள் தட்டினார்கள், பிள்ளைகள் தட்டவில்லை.

பொன்னாடையை என் தோளில் போட்டபோது ஒரு சிறுமி எழுந்து நின்றாள். ரெட்டைச் சடை, ஒரு பக்கம் ரிப்பன் இல்லை. அவள்தான் மஹாலக்ஷ்மி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சத்தமாக, பயமே இல்லாமல் சொன்னாள்: "சார், எங்க டீச்சர் இன்னும் வரல. பஸ்ஸு வரல போல. கொஞ்சம் பொறுங்க சார், அது எங்க டீச்சருக்கு உள்ளது."

மண்டபமே சிரித்தது. என்னவோ பிள்ளை குழம்பிவிட்டது என்று சிரித்தார்கள். மேடையில் இருந்த அதிகாரிகூடச் சிரித்துவிட்டு, "ஒங்க டீச்சர் பட்டுச்சேல கட்டுனதுல அடையாளம் தெரியலையோ?" என்றார். குற்றாலலிங்கம் சார் ஓடிவந்து அவளை உட்கார வைத்தார். அவள் உட்கார்ந்த பிறகும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அப்போது பேசியிருக்கலாம். மைக் என் முன்னால் இருந்தது. "நன்றி" என்றேன். சான்றிதழை வாங்கிக்கொண்டு இறங்கினேன். இறங்கும்போது உன்மேல் கோபம் வந்தது, பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கக் கூடாதா என்று. இதையும் நீ தெரிந்துகொள். உன் உழைப்பைத் தோளில் போட்டுக்கொண்டு உன்மேலேயே கோபப்பட்டேன். என் முகத்தில் நானே துப்ப வேண்டும் போலிருக்கிறது.

பொன்னாடையை உனக்கு அனுப்புகிறேன். பாதிச் சம்பளம் உனக்கு. ஹெப்ரானிடம் கேட்கப் போவதில்லை, சொல்லப் போகிறேன். நீ தொடர்ந்து இரு. எனக்காக இல்லை, அந்தப் பிள்ளைகளுக்காக.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

உன்
ரீபா


ஆழ்வார்குறிச்சி
15-9-1998

ரீபாவுக்கு,

பொன்னாடையையும் சேலையையும் ஒரே பார்சலாகத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சேலையை உடுத்தவில்லை.

நான் வெள்ளிக்கிழமையோடு மேலக்காணியிலிருந்து நின்றுவிட்டேன். ஏன் என்று உனக்குத் தெரிய வேண்டும். ஏழாம் தேதி திங்கட்கிழமை காலை போனபோது மஹாலக்ஷ்மி வகுப்புக்கு வெளியே வெயிலில் முட்டிபோட்டிருந்தாள். "நாலு பேரு முன்னால மானத்த வாங்கிட்டாம்மா" என்றார் சார். உள்ளே கூட்டி வந்து முட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டேன். அவள் அழவில்லை. "டீச்சர், நான் பொய் சொன்னேனா?" என்று மட்டும் கேட்டாள்.

நீ, நான், சார், மூன்று பேர் பொய் சொன்னோம். முட்டிபோட்டது அவள்.

என் பெயர் ரீபா இல்லை என்று அவளிடம் அப்போதே சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொன்னால், இத்தனை நாளும் நான் சொல்லிக் கொடுத்த எதைத்தான் அவள் நம்புவாள்? "நீ பொய் சொல்லல மக்கா. டீச்சருக்குத்தான் பஸ்ஸு வரல" என்றேன். அவ்வளவுதான் என் வீரம். அதற்குப் பிறகு அங்கே நிற்க எனக்கு முகம் இல்லை. வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுவும் பொய்.

பாதிச் சம்பளம் என்று எழுதியிருந்தாய். ரீபா, நீ எனக்கு முதல் மாதம் பணம் அனுப்பிய பிறகு நான் எழுதிய கடிதங்களை எடுத்து வாசித்துப் பார். ஒரு இடத்திலாவது உன்னைக் கழுதை என்று கூப்பிட்டிருக்கிறேனா? நீ தாமதமாக அனுப்பினாய், நன்றி என்று எழுதினேன். வராதே என்றாய், சேலை அழகாக இருக்கிறது என்று எழுதினேன். தாளாளரிடம் முகத்துக்கு நேரே கேட்ட நான் உன்னிடம் எதுவுமே கேட்கவில்லை. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பார்கள். எனக்கு உன் பணமும் வேண்டியிருந்தது, உன் சிநேகிதமும் வேண்டியிருந்தது. பாதிச் சம்பளம் வாங்கினால் இன்னும் மரியாதையாகத்தான் எழுதுவேன்.

காந்திமதிநாதனிடம் போனேன். எடுத்துக்கொண்டார். "புதுசா சேந்தவுகளுக்கு என்ன உண்டோ அதுதாம்மா" என்றார். முன்பு வாங்கியதைவிடக் குறைவு. கணக்கு சாருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாம், அதற்காகக் கூட்டியிருக்கிறார்கள். இந்த முறை நான் ஒன்றும் கேட்கவில்லை. இங்கே என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், அது போதும் என்று வந்துவிட்டேன்.

மேலக்காணியில் இப்போது யாரும் இல்லை. வேறு ஆளை நிப்பாட்டாதே. நீ வா.

சுடலைவடிவு


ஆழ்வார்குறிச்சி
9-11-1998

வடிவு,

இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் நீ பதில் போடவில்லை. உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் நாலு தெரு. இருந்தும் ஸ்டாம்ப் ஒட்டித்தான் அனுப்புகிறேன். இரண்டு தடவை உன் தெருமுனை வரை வந்துவிட்டுத் திரும்பினேன். போன வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் உன் பள்ளிப் பிள்ளைகளோடு நின்றிருந்தாய். நீ என்னைப் பார்த்தது எனக்குத் தெரியும். பிள்ளைகளின் தலையை எண்ணுவது மாதிரி குனிந்துகொண்டாய். உன் இடத்தில் நானாக இருந்தால் நானும் எண்ணியிருப்பேன்.

நீ வா என்று எழுதியதும் வந்துவிட்டேன். மாமியாரையும் கூட்டி வந்தோம். ஹெப்ரான் வேலையை விட்டுவிட்டார். அவராக விடவில்லை, நான்தான் விட வைத்தேன். அம்மாவுக்கு அவரே கஞ்சி கரைத்து ஊட்டுகிறார். இப்போது அம்மா சொல்வது அவருக்கும் கொஞ்சம் புரிகிறது. சபையில் கேட்பவர்களிடம், "அவுக பிசினஸ் பண்ணுதாவ" என்று சொல்லி வைத்திருக்கிறோம். என்ன பிசினஸ் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்லிவிடுகிறோம். மனைவி சம்பளத்தில் இருக்கிறார் என்று தெரிவதில் அவருக்கு வெட்கம். அதை மறைக்க நான் கூட நிற்பதில் எனக்கு வெட்கம். நாம் பொய்யை நிறுத்திவிட்டோம் என்று உனக்குப் பெருமையாக எழுத ஆசை, முடியவில்லை பார்.

மேலக்காணி பற்றிச் சொல்கிறேன். நீ பதில் எழுதாவிட்டாலும் இதைத் தெரிந்துகொள்ள விரும்புவாய். சாரிடம் பேசி மஹாலக்ஷ்மியை அவள் கேட்டபடி என் வகுப்பில் முன்னால் உட்கார விட்டிருக்கிறேன். சின்னவர்களுக்கு அவள்தான் வாசித்துக் காட்டுகிறாள். இன்னும் காகிதம் கொண்டு வருகிறார்கள். முதல் வாரம் எனக்கு அது என்னவென்று தெரியவில்லை, குப்பை என்று நினைத்து வெளியே போடச் சொன்னேன். எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். பிறகு உன் பழைய கடிதம் ஞாபகம் வந்தது. மறுநாள் நானே ஐஸ்பெட்டி வந்த அட்டையை வெட்டிக் கொண்டு போனேன். வாசித்தார்கள். மரியாதையாக வாசித்தார்கள், விருந்தாளிக்கு வாசித்துக் காட்டுவது போல.

நான் போன முதல் நாள் கரும்பலகையில் என் பெயரைப் பெரிதாக எழுதினேன். "ரீபா டீச்சர்." ஒன்பது வருஷமாக என் பெயரில் இருக்கிற பள்ளிக்கூடம் அல்லவா. சின்னவர்களோடு உட்கார்ந்திருந்த மஹாலக்ஷ்மி எழுந்து நின்றாள். அன்றைக்கு மண்டபத்தில் நின்ற மாதிரி இல்லை, கையைக் கட்டிக்கொண்டு, அடி விழுமோ என்று சாரின் அறைப் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"டீச்சர், அது எங்க பழைய டீச்சர் பேரு. அவுகள வேற ஊருக்கு மாத்திட்டாவ. ஒங்க பேரு என்ன?"

எழுதியதை அழித்தேன். வேறு பெயர் எழுத என்னிடம் இல்லை.

அவர்கள் என்னைப் "புது டீச்சர்" என்று கூப்பிடுகிறார்கள். நான் திருத்துவதில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறேன்.

ரீபா